மார்ச்சில் வரும் நீதி

என்எஃப்எல் அணிகளின் 31 உரிமையாளர்களுக்கும், தனி முதலாளி இல்லாத கிரீன் பே பாக்கர்ஸ் அணியின் பெயரால் வாக்களிப்பவருக்கும்,



ஆண்டுதோறும் பெரும்பாலும் மார்ச் மாதத்தில் நீங்கள் கூடி அமெரிக்கக் கால்பந்தின் விதிகளைத் திருத்துகிறீர்கள். 32 வாக்குகளில் 24 விழுந்தால் போதும், விதி மாறிவிடும். ஆட்டக்காரர்களுக்கு அந்த அறையில் வாக்கு இல்லை. நடுவர்களுக்கு இல்லை. லீகின் ஆணையருக்கும் இல்லை. ஆகவே பிளே-ஆஃப் ஆட்டங்களில் விழும் தவறான தீர்ப்புகளைப் பற்றி முறையிட வேண்டுமென்றால் உங்களிடம்தான் முறையிட வேண்டும். நடுவர்களைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஓடும் 22 பேரை 7 பேர் வெறும் கண்ணால் கவனிப்பது எத்தனை கடினம் என்று எனக்குத் தெரியும். அவர்களைத் தனியே விட்டுவிட்டு, தவறு நடந்து பல வாரங்கள் கழித்து விதியைத் திருத்தும் உங்கள் வழக்கத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாத தமிழ் வாசகர்களுக்காகச் சில சொற்கள். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அந்த முயற்சிகளைத் தொடங்கி வைப்பவரும், பந்தை யாரிடம் எறிவது என்று சில நொடிகளில் முடிவெடுப்பவரும் குவாட்டர்பேக். விதி மீறலைக் கண்டால் நடுவர் மஞ்சள் கொடியை வீசுவார். கூடைப்பந்துபோல ஏழு ஆட்டத் தொடர் இங்கே கிடையாது. சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்று ஒவ்வொன்றும் ஒரே ஆட்டம். தோற்றால் அந்த ஆண்டு அதோடு முடிந்தது. இளைஞனுக்கு அடுத்த ஆண்டு இருக்கிறது. நாற்பதைத் தொட்ட குவாட்டர்பேக்குக்கு இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. நான் சொல்ல வருவதெல்லாம் இந்த ஓர் உண்மையிலிருந்துதான் கிளம்புகிறது.

2019 ஜனவரி 20-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான என்எஃப்சியின் இறுதிப் போட்டி; வெல்பவர் சூப்பர் பவுல் எனும் இறுதியாட்டத்துக்குப் போவார். செயின்ட்ஸ் 20, ராம்ஸ் 20. ஆட்டம் முடிய இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. ராம்ஸின் 13 யார்டு கோட்டில் மூன்றாவது முயற்சி. ஐந்து நாள் முன்புதான் 40 வயது நிறைந்த ட்ரூ பிரீஸ், வலப்புறம் ஓடிய டாம்மிலீ லூயிஸுக்குப் பந்தை எறிந்தார். பந்து வந்து சேருமுன்பே ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் பாய்ந்து வந்து லூயிஸை மோதித் தள்ளினார். பந்து வருமுன் பெறுபவரைத் தடுப்பது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் என்ற குற்றம். தலைக்கவசத்தால் தலைக்கவசத்தில் மோதுவது இன்னொரு குற்றம். இரண்டுக்கும் கொடி விழவில்லை.

விழுந்திருந்தால் செயின்ட்ஸுக்குப் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைத்திருக்கும். மீதி நேரத்தைக் கிட்டத்தட்ட முழுவதும் கரைத்துவிட்டு, கடைசி நொடிகளில் அருகிலிருந்து ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கிடையே உதைத்து எடுக்கும் மூன்று புள்ளி) அடித்திருக்கலாம். கொடி விழாததால் உடனே அடிக்க வேண்டியதாயிற்று. மூன்று புள்ளிகள் கிடைத்தன. ராம்ஸுக்கு நேரமும் கிடைத்தது. அவர்கள் சமன் செய்தார்கள். கூடுதல் நேரத்தில் பிரீஸ் எறிந்த பந்தை எதிரணி பறித்தது. கிரெக் சூர்லைன் 57 யார்டு தூரத்திலிருந்து உதைத்தார். 26க்கு 23. ராம்ஸ் சூப்பர் பவுலுக்குப் போனார்கள்.

ஆட்டம் முடிந்த சிறிது நேரத்தில் லீகின் நடுவர் பிரிவுத் தலைவர் செயின்ட்ஸ் பயிற்சியாளர் ஷான் பேட்டனிடம் தொலைபேசியில் பேசி, கொடி விழுந்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டார். அந்த மோதலுக்காக ரோபி-கோல்மனுக்கு லீக் 26,739 டாலர் அபராதம் விதித்தது. ஆணையர் ராஜர் குடெல் பத்து நாள் கழித்து, சூப்பர் பவுல் செய்தியாளர் சந்திப்பில் வாய் திறந்தார். ரசிகர்கள் தொடுத்த வழக்கு லூசியானா உச்ச நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியானது. சூப்பர் பவுலுக்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸ் நகரின் நாளிதழ் தன் முதல் பக்கத்தை ஏறக்குறைய வெறுமையாக அச்சிட்டது. குற்றம் நடந்தது என்று லீகே ஒப்புக்கொண்ட பிறகும் அதன் பலனை யாராலும் மாற்ற முடியவில்லை.

அந்த மார்ச்சில் நீங்கள் கூடினீர்கள். பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளே பார்த்து மாற்றலாம், எறியாத கொடியையும் எறியலாம் என்று 31க்கு 1 என்ற வாக்கில் தீர்மானித்தீர்கள். ஓர் ஆண்டுக்கு மட்டும். பிரீஸுக்கு அது பந்தி கலைந்தபின் போட்ட இலை.

பழைய கணக்குகளையும் எடுத்துப் பாருங்கள். 2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோவில் பனி கொட்டிய இரவு. ரெய்டர்ஸ் 13, பேட்ரியட்ஸ் 10. இரண்டு நிமிடம்கூட மீதியில்லை. பேட்ரியட்ஸின் 24 வயது டாம் பிராடியைச் சார்ல்ஸ் உட்சன் மோதினார். பந்து கை நழுவியது. ரெய்டர்ஸின் கிரெக் பீகர்ட் அதன்மேல் விழுந்தார். ஆட்டம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். நடுவர் வால்ட் கோல்மன் ரீப்ளே பார்த்துவிட்டு அது யாரும் பிடிக்காத பாஸ் (எறிதல்), பந்து பேட்ரியட்ஸிடமே இருக்கும் என்றார். எறிவதற்காக முன்னே போன கை பந்தை உடம்போடு அணைக்கத் திரும்பும்போது நழுவினாலும் அது பாஸ்தான் என்று 1999-ல் எழுதப்பட்ட ‘டக் ரூல்’ சொன்னது. கோல்மன் விதிப் புத்தகத்தில் இருந்ததைத்தான் செய்தார். கோணல் விதியில் இருந்தது. ஆடம் வினட்டியேரி பனியில் 45 யார்டு உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 16க்கு 13 என்று பேட்ரியட்ஸ் வென்றது.

அன்று மறுபக்கம் நின்ற குவாட்டர்பேக் ரிச் கேனனுக்கு வயது 36. அடுத்த சீசனில் அவர் சூப்பர் பவுலை எட்டினார். ஐந்து இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த பந்து) எறிந்து தோற்றார். அதன்பின் காயங்கள். கோப்பையே இல்லாமல் ஓய்வு பெற்று, தொலைக்காட்சி வர்ணனையாளராக ஆனார். டக் ரூலை நீங்கள் நீக்கியது 2013 மார்ச்சில். 29 அணிகள் நீக்கச் சொன்னன. ஓர் அணி மட்டுமே எதிர்த்தது. இத்தனை பேருக்குப் பிடிக்காத விதி அந்த ஆட்டத்துக்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் புத்தகத்தில் கிடந்தது.

2015 ஜனவரி 11, கிரீன் பேயின் லாம்போ மைதானம். டல்லாஸ் கௌபாய்ஸ் ஐந்து புள்ளி பின்தங்கியிருந்தது. நான்காவது முயற்சியில் டோனி ரோமோ எறிந்த பந்தை டெஸ் பிரையன்ட் தாவி எடுத்து, கோல் கோட்டை நோக்கிக் கை நீட்டியபடி ஒரு யார்டுக்குள் விழுந்தார். முதலில் கேட்ச் என்றார்கள். ரீப்ளேக்குப் பின் இல்லை என்றார்கள். தரையில் விழுந்து முடியும்வரை பந்து பிடியில் அசையக்கூடாது என்ற அன்றைய விதியே காரணம். பாக்கர்ஸ் 26க்கு 21 என்று வென்றது. முந்தின வாரம் இதே கௌபாய்ஸுக்கு வேறொரு தீர்ப்பு கைகொடுத்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் லயன்ஸுக்குச் சாதகமாக எறிந்த கொடியை நடுவர்கள் சரியான விளக்கமின்றித் திரும்பப் பெற்றார்கள். தவறான தீர்ப்புக்கு எந்த அணியோடும் பகை இல்லை. எந்த வாரம் யார் தலையில் விழும் என்பதற்குக் கணக்கே கிடையாது, அதுதான் அச்சமூட்டுகிறது.

ரோமோவுக்கு அப்போது வயது 34. அடுத்த ஆண்டு தோள் எலும்பு முறிந்தது, அதற்கடுத்த ஆண்டு முதுகு. லாம்போ ஆட்டமே அவருடைய கடைசி பிளே-ஆஃப் ஆட்டமாகிவிட்டது. 2017-ல் ஓய்வு பெற்று வர்ணனை அறைக்குப் போனார். 2018 மார்ச்சில் 32 வாக்குகளும் சேர்ந்து கேட்ச் விதியை மாற்றின. பிரையன்ட் பிடித்தது கேட்ச்தான் என்று உங்களில் ஒருவரான, நியூயார்க் ஜயண்ட்ஸின் ஜான் மாராவே அப்போது வெளிப்படையாகச் சொன்னார். அதற்குள் ரோமோ கோட்டு சூட்டு அணிந்து மைக்கின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

2010 ஜனவரி 24, மீண்டும் சூப்பர்டோம். இந்த முறை பாதிக்கப்பட்டவர் மின்னசோட்டா வைக்கிங்ஸின் பிரெட் ஃபார்வ். அவருக்கும் வயது 40. செயின்ட்ஸ் தடுப்பாட்டக்காரர்கள் அவரை மீண்டும் மீண்டும் சாய்த்தார்கள். ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக மோதிய ஓர் அடியில் அவர் கணுக்கால் பிசகியது. அதே நொடியில் பந்தும் எதிரணி கைக்குப் போனது. அங்கே கொடி எறிந்திருக்க வேண்டும் என்று லீகின் அன்றைய நடுவர் பிரிவுத் தலைவர் பிறகு ஒப்புக்கொண்டார். எதிரணி ஆட்டக்காரர்களைக் காயப்படுத்தப் பரிசுத்தொகை வைத்திருந்ததற்காக அதே செயின்ட்ஸ் பயிற்சியாளர் பேட்டனை ஆணையர் குடெல் 2012 சீசன் முழுவதும் நீக்கி வைத்தார். கடைசி நொடிகளில் ஃபார்வ் குறுக்கே எறிந்த பந்து பறிபோனது அவருடைய தவறுதான். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கூடுதல் நேரத்தில் வைக்கிங்ஸ் பந்தைத் தொடவே இல்லை. நாணயச் சுண்டலில் வென்ற செயின்ட்ஸ் முதல் வாய்ப்பிலேயே ஃபீல்டு கோல் அடித்து 31க்கு 28 என்று முடித்தது. இரண்டே மாதத்தில், மார்ச்சில், 28க்கு 4 வாக்கில் அந்தக் கூடுதல் நேர விதியை மாற்றினீர்கள். ஃபார்வ் இன்னோர் ஆண்டு ஆடினார். பிளே-ஆஃப் பக்கம் அவர் மறுபடி வரவில்லை.

கேனன், ஃபார்வ், ரோமோ, பிரீஸ். நால்வரும் பட்ட பிறகுதான் விதி திருந்தியது. திருந்திய விதி ஒருவருக்கும் உதவவில்லை.

வயதான குவாட்டர்பேக்குகள் இத்தனை பேர் பிளே-ஆஃபில் ஆடுவதற்குக் காரணமும் நீங்கள்தான். அதற்காக உங்களைப் பாராட்டவே செய்கிறேன். 2008 சீசனின் முதல் ஆட்டத்தில் பிராடியின் முழங்காலில் தசைநார் கிழிந்தது. கீழே விழுந்து கிடக்கும் தடுப்பாட்டக்காரர் குவாட்டர்பேக்கின் காலை நோக்கிப் பாயக்கூடாது என்று அடுத்த ஆண்டே விதி இறுகியது. 2017-ல் ஆரன் ரோட்ஜர்ஸின் தோள் எலும்பு முறிந்தது. முழு உடல் எடையோடு குவாட்டர்பேக்கின்மேல் விழுவதற்கு அடுத்த ஆண்டு கண்டிப்பு வந்தது. இந்தப் பாதுகாப்பும் அவர்களுடைய ஒழுக்கமும் சேர்ந்துதான் பிராடி 43 வயதில் சூப்பர் பவுல் வென்றார். ஆனால் பாதுகாப்பு விதிகள் பெருகப் பெருக, நொடியில் முடிவு செய்ய வேண்டிய தீர்ப்புகளும் பெருகின. அவற்றைச் சரிபார்க்கும் வழி மட்டும் அதே வேகத்தில் வளரவில்லை.

நியூ ஆர்லியன்ஸில் பிரீஸுக்குக் கொடி விழாத அதே நாள் இரவு, கான்சஸ் சிட்டியில் மற்றப் பிரிவான ஏஎஃப்சியின் இறுதிப் போட்டி நடந்தது. 41 வயது பிராடி எறியும்போது சீஃப்ஸின் கிறிஸ் ஜோன்ஸ் கையை வீசினார். தலையில் அடித்தார் என்று நடுவர் கொடி எறிந்தார். கை தோளில்தான் பட்டது என்பதை ரீப்ளே காட்டியது; ஆனால் அந்தத் தீர்ப்பை மாற்ற விதியில் இடமில்லை. பிழைத்துக்கொண்ட பேட்ரியட்ஸ் அந்த வாய்ப்பிலேயே டச்டவுன் (கோல் கோட்டைக் கடந்து எடுக்கும் ஆறு புள்ளி) அடித்து, கூடுதல் நேரத்தில் 37க்கு 31 என்று வென்றது. ஒரே நாளில் ஒரு முதியவருக்கு விழ வேண்டிய கொடி விழவில்லை, இன்னொருவருக்கு விழக்கூடாத கொடி விழுந்தது. இரண்டையும் வீட்டில் இருந்தவர்கள் சில நொடிகளில் கண்டுகொண்டார்கள். மைதானத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் பார்க்க அனுமதி இல்லை.

வயது எல்லோரையும் தோற்கடிக்கும். அதில் முறையீடு இல்லை. 2021 ஜனவரி 17 அன்று 42 வயது பிரீஸ் 43 வயது பிராடியை எதிர்கொண்டார். விலா எலும்புகள் முறிந்து நுரையீரலும் பாதிக்கப்பட்ட சீசன் அது. மூன்று இன்டர்செப்ஷன், 30க்கு 20 என்று தோல்வி, இரண்டு மாதத்தில் ஓய்வு. அந்தத் தோல்வியை யாரும் தகராறாக்கவில்லை. அவருடைய தோள் எட்டிய தூரம் அவ்வளவுதான் என்று ரசிகர்கள் ஏற்றுக்கொண்டார்கள். மறுபக்கம் பெய்டன் மேனிங்கைப் பாருங்கள். 39 வயதில் ஒரு சீசனில் 9 டச்டவுன், 17 இன்டர்செப்ஷன் எறிந்தவர். தன் அணியின் தடுப்பாட்டத் துணையோடு 50-வது சூப்பர் பவுலை வென்று விடைபெற்றார். வயது தோற்கடித்தால் அந்தத் தோல்வி ஆட்டத்தின் பகுதி. விசில் தோற்கடித்தால் அது ஆட்டத்தின்மேல் விழும் கறை. இரண்டையும் பிரித்து வைப்பது உங்கள் பொறுப்பு.

‘மனிதத் தவறும் ஆட்டத்தின் பகுதிதானே’ என்று கேட்பீர்கள். ஆட்டக்காரரின் தவறு ஆட்டத்தின் பகுதி. அதைப் பார்க்கத்தான் வருகிறோம். நடுவரின் தவறைப் பார்க்க யாரும் சீட்டு வாங்குவதில்லை. செயின்ட்ஸ் அதற்குப் பிறகும் வென்றிருக்கலாம், கூடுதல் நேரத்தில் பந்து முதலில் அவர்கள் கையில்தான் இருந்தது என்பதும் உண்மை. ஒரு தீர்ப்பே முழுக் காரணம் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் கிடக்கும் தவறைத் திருத்தாமல் விட்டதற்கு அது சமாதானம் ஆகாது.

‘2019-ல் சோதித்துப் பார்த்தோம், தோற்றது’ என்பது உங்களுடைய வலுவான வாதம். தோற்றது சோதனை நடந்த விதம். எந்த அளவு தவறு தெரிந்தால் மாற்றலாம் என்ற அளவுகோலை யாரும் தெளிவாக எழுதவில்லை. நியூயார்க்கில் ஒரே இடத்திலிருந்து முடிவுகள் வந்தன. பயிற்சியாளர்கள் கேட்ட மறுபரிசீலனைகளில் பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன. 2020 ஜனவரியில் அதே சூப்பர்டோமில், கூடுதல் நேரத்தில், வைக்கிங்ஸின் கைல் ருடால்ஃப் கையை நீட்டித் தடுப்பாட்டக்காரரைத் தள்ளிவிட்டுப் பந்தைப் பிடித்தார். ஆட்டம் அங்கேயே 26க்கு 20 என்று முடிந்தது. செயின்ட்ஸுக்கு நேர்ந்ததற்காகவே பிறந்த விதி, செயின்ட்ஸுக்கே உதவவில்லை. சில மாதங்களில் அதைப் புதுப்பிக்க ஒருவரும் முன்வராமல் விதி காலாவதியானது. ஒரு குற்றத்துக்கு மட்டும், ஓர் ஆண்டுக்கு மட்டும், அரை மனதோடு செய்ததைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கிரிக்கெட்டில் முன்காலடி நோ-பாலைக் கவனிக்கும் வேலையை 2020-ல் மூன்றாவது நடுவரிடம் கொடுத்தார்கள். யாரும் கேட்கும்வரை அவர் காத்திருப்பதில்லை. ஆட்டம் அதனால் நின்றுவிடவும் இல்லை.

நான்கு கோரிக்கைகளை உங்கள்முன் வைக்கிறேன்.

முதலாவது, பிளே-ஆஃப் ஆட்டங்களிலாவது எட்டாவது நடுவர் ஒருவரை அதே மைதானத்தின் மேல்மாடி அறையில் உட்கார வையுங்கள். 2021 முதல் ரீப்ளே அறையின் உதவியைப் படிப்படியாக விரிவாக்கி வருகிறீர்கள், நல்லது. ஆனால் 2025 சீசன் வரைக்கும் எறியாத கொடியை எறியும் அதிகாரம் அந்த அறைக்குக் கிடைக்கவில்லை. 2019-ன் காயம் எறியாத கொடியால் வந்தது. சாதாரண வேகத்தில் ஒருமுறை பார்த்தாலே தெரியும் தவறை மட்டும், அடுத்த முயற்சி தொடங்குமுன் அவர் திருத்தட்டும். மெதுவாக ஓட்டி நுணுக்கம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, நடுவர்களை முழுநேரப் பணியாளர்களாக்குங்கள். பல்லாயிரம் கோடி டாலர் தொழிலின் தீர்ப்புகளைப் பலர் வார நாட்களில் வேறு வேலை பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். 2017-ல் 20-க்கும் மேற்பட்டவர்களை முழுநேரமாக அமர்த்தினீர்கள், 2019-ல் கைவிட்டீர்கள். 2021 மார்ச்சில் கையெழுத்தான ஒளிபரப்பு ஒப்பந்தங்களின் மதிப்பு 11 ஆண்டுக்கு ஏறத்தாழ 11,000 கோடி டாலர். சுமார் 120 நடுவர்களின் சம்பளம் அதற்குமுன் எம்மாத்திரம்?

மூன்றாவது, சீசன் முழுவதும் சேர்ந்து பணியாற்றிய நடுவர் குழுவைப் பிளே-ஆஃபில் கலைக்காதீர்கள். அதிக மதிப்பெண் பெற்றவர்களைப் பல குழுக்களிலிருந்து பொறுக்கி எடுப்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த இடத்தை யார் பார்ப்பது, யார் கண்ணை யார் நம்புவது என்பது பழகிப் பழகி வருவது. ஆண்டின் மிகப் பெரிய ஆட்டத்தில் அந்தப் பழக்கத்தை நீங்களே உடைக்கிறீர்கள்.

நான்காவது, பேசுங்கள். இன்று ஆட்டம் முடிந்தபின் ஒரே ஒரு செய்தியாளர் தலைமை நடுவரிடம் சில கேள்விகள் கேட்கிறார், அவ்வளவுதான். பயிற்சியாளரிடம் தொலைபேசியில் ஒப்புக்கொள்வதை ரசிகர்களிடமும் ஒப்புக்கொள்ளுங்கள். பிளே-ஆஃப் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் மறுநாளே, தவறிய தீர்ப்புகள் எவை, ஏன் என்று எழுத்தில் வெளியிடுங்கள். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் விளையாட்டுப் பந்தயம் பல மாநிலங்களில் சட்டபூர்வமானது. 2021-ல் பந்தய நிறுவனங்களையே கூட்டாளிகளாக்கிக்கொண்டீர்கள். பணம் புழங்கும் இடத்தில் மௌனம் சந்தேகமாகத்தான் படிக்கப்படும். தவறை ஒப்புக்கொண்ட நடுவரைச் சதிகாரர் என்று சொல்ல யாருக்கும் நா எழாது. மறைத்தால் நேர்மையானவரையும் சொல்வார்கள். இதனால் அதிகம் காப்பாற்றப்படுபவர்கள் நடுவர்களே.

உரிமையாளர்களே, உங்கள் பதவிக்கு வயது வரம்பு இல்லை. எந்த மார்ச்சிலும் நீங்கள் திரும்பி வந்து விட்டதைத் திருத்தலாம். மைதானத்தில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அடுத்த பிளே-ஆஃபிலும் தோளில் ஊசி போட்டுக்கொண்டு, கடைசி வாய்ப்பு என்று தெரிந்தே ஒரு முதிய குவாட்டர்பேக் களமிறங்குவார். அவர் தோற்கலாம், தன் கையால் தோற்கட்டும். அடுத்த கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளை வாக்கெடுப்புக்கு வையுங்கள். 24 வாக்குகள் போதும்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டத்தை நேசிக்கும் தமிழ் ரசிகன்